இடப்பக்கம், சற்று மேலே

காயை நகர்த்துவதற்கு முன்னால் திருமூர்த்தி அங்கிள் மேலே பார்ப்பார். முதலில் வலது கட்டைவிரலைச் சட்டையில் ஒருமுறை துடைத்துக்கொள்வார். பிறகு மோவாய் கொஞ்சம் தாழும். கண்கள் மட்டும் இடப்பக்கமாக, சுவரும் கூரையும் சேரும் மூலைக்குப் போய் நிற்கும். உதடுகள் எதையோ முணுமுணுக்கும். பார்வை அந்த மூலையிலேயே இருக்க, கை தன்பாட்டுக்கு மவுஸைத் தள்ளிக் காயைக் கட்டத்தில் கொண்டுபோய் வைக்கும். வைத்த பிறகும் பார்வை உடனே இறங்காது. கொடியில் உட்கார்ந்த குருவி மாதிரி கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வரும்.

அந்த மூலையில் ஒன்றும் கிடையாது. அவர் வீட்டுக்குப் போய் நானே பார்த்திருக்கிறேன். ஒரு புகை அலாரம், அதில் ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான்.

லிவர்மோரில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு குடும்பத்தின் பின்னறையில் நான் குடியிருந்தேன். எங்கள் இருவருக்கும் வேலை சான்டா கிளாராவில். கம்பெனி வேறு, கார் ஒன்று. ஒரு நாள் அவர் ஓட்டுவார், மறுநாள் நான். அவருக்கு அறுபதை ஒட்டிய வயது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. ஆட்குறைப்பு நடக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய பிரிவில் இரண்டு மேசைகள் காலியாகும். "அறுபத்தஞ்சுல மெடிகேர் காப்பீடு வர்ற வரைக்கும் இந்த நாற்காலியை விடக் கூடாது தம்பி. இந்த வயசுல இன்னொருத்தன் கூப்பிட்டு உக்கார வைக்க மாட்டான்" என்பார்.

போன குளிர்காலம் தொடங்கிய சமயம், ஒருநாள் காலை கார்ச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"இனிமே நீயே ஓட்டிடு நவநீத்."

"ஏன் அங்கிள்?"

"நான் பக்கத்துல சும்மா உக்காந்து வந்தா ஆட்டம் நல்லா ஓடும்."

ஆட்டம் என்றது சதுரங்கம். பலகை கிடையாது, காய் கிடையாது. நான் ஓட்டிக்கொண்டே என் நகர்வைச் சொல்வேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு தன்னுடையதைச் சொல்வார். வழியில் வரும் சுனோல் மேட்டில் கார்கள் சிவப்பு விளக்குகளாக ஊர்ந்து ஏறும் நேரத்தில் என் ராஜா பெரும்பாலும் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பான்.

"குதிரை எஃப் த்ரீ" என்றேன் ஒருமுறை.

"அங்க ஏற்கெனவே உன் குதிரை நிக்குதுப்பா. குதிரை மேல குதிரை ஏத்தறியே, சர்க்கஸா நடத்தறே?"

அவர் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும், சத்தம் வராது. அலுவலகத்திலும் வீட்டிலும் அதிகம் பேசாத மனிதர். நானும் அப்படித்தான். பேச வேண்டாத இரண்டு பேருக்கு அந்த நகர்வுகளே போதுமான பேச்சாக இருந்தன.

எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து 'விரிகுடாச் சதுரங்க வட்டம்' என்று ஒன்று நடத்தினார்கள். இணையத்தில் குழுக் குழுவாக ஆடும் போட்டி. எங்கள் குழுவில் வேறு யாரும் முன்வராததால் நான் கேப்டன். வட்டத்தின் தலைவர் பத்மநாபன், பெரிய கம்பெனியில் டைரக்டர். பேச்சு எப்போதும் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். போட்டியில் யாரும் 'இன்ஜின்' எனப்படும் சதுரங்க மென்பொருளைக் கேட்டுக் கேட்டு ஆடிவிடக் கூடாது என்று அவர் விதிகள் வைத்திருந்தார். கேமரா ஓட வேண்டும். அறையில் வேறு ஆள் கூடாது. பார்வை திரையை விட்டு விலகக் கூடாது.

அந்த வசந்தத்தில் அரையிறுதியில் அங்கிள் தன்னைவிட எவ்வளவோ வலுவான ஒருவரை வென்றார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யானையைக் கொடுத்து, இரண்டு சிப்பாயை நடத்திக்கொண்டு போய் ஜெயித்த ஆட்டம். மறுநாளே யாரோ அதன் கேமராப் பதிவை வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் அந்தப் பார்வை. இடப்பக்கம், சற்று மேலே. உதடு வேறு அசைகிறது.

"அங்கிள் வீட்டு சீலிங்ல ஒரு கிராண்ட்மாஸ்டர் தொங்கறாராம், யாராவது இறக்கி விடுங்கப்பா" என்று எழுதினான் கருப்பசாமி. வட்டத்திலேயே மோசமாக ஆடுபவன், அதனாலேயே எல்லாருக்கும் பிடித்தவன். சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. அன்றிலிருந்து அவருக்கு 'சீலிங் அங்கிள்' என்று பெயர்.

விசாரணை ஒரு சனிக்கிழமை காலை, வீடியோ அழைப்பில் நடந்தது. கேப்டன் கூட இருந்து கேட்கலாம், பேசக் கூடாது என்பது விதி. அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. விசாரித்தது வட்டத்தின் கமிட்டியில் இருந்த மானஸா. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிது. தமிழ் புரியும், வாயில் வருவது இங்கிலீஷ். கடுமையான ஆள் இல்லை. கேள்விகளை ஒவ்வொன்றாக, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அங்கிள், வொய் டு யூ லுக் அப் பிஃபோர் எவ்ரி மூவ்?"

பின்னால் சமையலறை வாசலில் அவர் மனைவி ராஜலக்ஷ்மி ஆன்ட்டி கையில் கரண்டியோடு வந்து நின்றது கேமராவில் தெரிந்தது. அவர் திரும்பி ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி உள்ளே போய்விட்டார்.

"ஹேபிட்மா" என்றார். "பழக்கம்."

"ஓகே. சோ, யூ வேர் நாட் கெட்டிங் ஹெல்ப் ஃப்ரம் எனிஒன்?"

"யெஸ்."

"யெஸ்? ஃப்ரம் அன் இன்ஜின்?"

"யெஸ், யெஸ். தட் ஒன்லி ஐ யாம் டெல்லிங்."

தலையையும் பலமாக ஆட்டினார். எனக்கு அது தெளிவாக இருந்தது. 'யாரோட உதவியும் எடுக்கலையே?' என்றால் நம் ஆட்கள் 'ஆமா' என்றுதான் சொல்வார்கள். ஆமா, எடுக்கலை. நீ சொன்னது சரி. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருடைய 'யெஸ்'ஸை வேறு மாதிரிக் கேட்க ஒரு காது உண்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. மானஸா எதையோ குறித்துக்கொண்டாள். பிறகு, "தேங்க் யூ ஃபார் பீயிங் ஹானஸ்ட், அங்கிள்" என்றாள். அவர் முகம் மலர்ந்து கைகூப்பினார்.

திங்கட்கிழமை வட்டத்தின் இணையப் பக்கத்தில் அவர் பெயர் ஏறியிருந்தது. இந்த ஆண்டு முழுக்கத் தடை. பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: அட்மிட்டட். ஒப்புக்கொண்டார்.

காரில் அவர் அன்று ஆட்டத்தைத் தொடங்கவில்லை. வழியில் டப்ளின் ஊரைத் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"ரக்ஷா போன் பண்ணுச்சு." ரக்ஷா அவருடைய ஒரே மகள், டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கிறாள். "யாரோ ஃப்ரெண்டு அனுப்பிச்சிருக்காங்க போல. அப்பா, டிட் யூ அப்படின்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். பட் இட் சேஸ் யூ அட்மிட்டட் அப்படிங்குது."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தடை இருக்கட்டும் தம்பி. அவங்களுக்குச் சந்தேகம், தடை போட்டாங்க. ஆடாம இருந்துட்டுப் போறேன். அந்த வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லு. நான் ஒத்துக்கவே இல்லையே. எப்ப ஒத்துக்கிட்டேன்?"

வாழ்க்கையில் நான் யாருக்கும் அத்தனை நீளமாக எழுதியதில்லை. மானஸாவுக்கு எழுதினேன். அவர் சொன்ன 'யெஸ்' எப்படி 'இல்லை' ஆகிறது என்று, இலக்கணப் பாடம் மாதிரி. அனுப்பியதும் அவள் அழைத்தாள்.

"ஓ மை காட்" என்றாள். "எங்கம்மாவும் இதே. யூ ஹேவன்ட் ஈட்டன் அப்படின்னு கேட்டா யெஸ்னு சொல்வாங்க. ஐ லாஃப் அட் ஹெர். எனக்கு இது தோணவே இல்ல. நான் என்ன பண்ணிட்டேன்?"

அவளே கமிட்டியைக் கூட்டச் சொன்னாள். அதற்குள் இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஆட்டங்கள் நடக்கும் இணையதளத்திலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. 'நீங்கள் தோற்ற ஒரு ஆட்டத்தில் எதிராளி விதிகளை மீறியிருக்கிறார். இழந்த புள்ளிகள் உங்களுக்குத் திருப்பித் தரப்படுகின்றன.' எந்த ஆட்டம் என்று பார்த்தேன். எதிராளி ஷ்ரேயஸ், பத்மநாபனின் மகன், ஹைஸ்கூல் கடைசி வருஷம். தளமே அவன் கணக்கை மூடியிருந்தது. அடுத்த வாரமே வேறு பெயரில் புதுக் கணக்கில் அவன் வட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தான். வட்டத்தின் தடைப் பட்டியலில் அவன் பெயர் எங்கும் இல்லை. திருமூர்த்தி அங்கிளிடம் தோற்ற ஒருவரையும் விடாமல் கேட்டேன். யாருக்கும் அப்படி ஒரு செய்தி வந்திருக்கவில்லை. இதையும் மானஸாவிடம் சொன்னேன்.

கமிட்டி கூடியது. இந்த முறை நான் பேசியே ஆக வேண்டும். எழுதி வைத்துக்கொண்டதைப் படித்தேன். 'யெஸ்' பற்றிச் சொன்னேன். மானஸாவும் தன் தவறு என்று சொன்னாள்.

பத்மநாபன் நாற்காலியில் சாய்ந்தார். "தம்பி, ரெக்கார்டிங்ல யெஸ்னு இருக்கு. அதுக்கு ஒவ்வொருத்தரும் ஒரு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சா கமிட்டி எதுக்கு? எல்லாருக்கும் ஒரே ரூல். ஆளைப் பாத்து மாத்த முடியாது."

"தென் வாட் அபவுட் ஷ்ரேயஸ்?" என்றாள் மானஸா.

யாரோ மைக்கை அணைக்க மறந்து இருமினார்கள்.

"அது வேற கேஸ்மா. அவன் மைனர். காலேஜ் அட்மிஷன் முடிவு வர்ற நேரம். பேரைப் போட்டா அவன் ஃப்யூச்சர் என்ன ஆகும்? வீட்டுலயே கண்டிச்சாச்சு."

அங்கிள் கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது மாதிரி.

"பையன் பேரைப் போட வேண்டாம் சார். போடாம விட்டது நல்ல காரியம். அந்த மாதிரியே என் பேருக்குப் பக்கத்துல இருக்கிற அந்த ஒரு வார்த்தையை எடுத்துடுங்க. எனக்கு அது போதும்."

பத்மநாபனுக்கு அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு பண்ணலாம். மேல பாக்கறது வெறும் பழக்கம்தானே? பழக்கத்தை ஒரு ஆட்டத்துக்கு விட்டுடுங்க. கண்ணை ஸ்கிரீனை விட்டு எடுக்காம ஒரே ஒரு கேம். நல்லா ஆடினீங்கன்னா வார்த்தையை எடுத்துடறேன். தடையையும் எடுத்துடறேன்."

"இந்த மாதிரி டெஸ்ட் ஷ்ரேயஸுக்கு வெச்சீங்களா?" மானஸா முழுக்கத் தமிழில் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வேண்டாம் அங்கிள் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், "சரி சார்" என்றுவிட்டார் திருமூர்த்தி அங்கிள்.

எதிராளி கருப்பசாமி. யாரை வேண்டுமானாலும் நிறுத்துங்கள் என்று அங்கிள் சொன்னதால், வட்டத்தில் எல்லாரிடமும் தோற்பவனையே நிறுத்தினார்கள். அதைச் சலுகை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நான் சாட்சியாக அவர் வீட்டில், அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆன்ட்டி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "வேண்டாம்ங்க. சொல்லித் தொலைச்சிடுங்களேன்" என்றார். "நீ உள்ள போ" என்றார் அங்கிள். எதைச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கணவன் மனைவிக்கு நடுவே ஏதோ என்று இருந்துவிட்டேன்.

கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கண்ணைத் திரையில் ஆணி அடித்த மாதிரி நிறுத்தினார். முதல் சில நகர்வுகள் சரியாகப் போயின, அவை எல்லாருக்கும் கைப்பழக்கம். அப்புறம் முகம் திரையை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே போனது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் மேலே போகத் துடிப்பதும் அவர் அதை இழுத்துப் பிடிப்பதும் பின்னாலிருந்தே எனக்குத் தெரிந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கருப்பசாமி ஒரு சிப்பாயை நகர்த்தினான். அங்கிள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ராணியை எடுத்தார். சின்னப் பிள்ளைகூட வைக்காத கட்டத்தில், அந்தச் சிப்பாயின் வாயிலேயே கொண்டுபோய் வைத்தார்.

கருப்பசாமியின் குரல் மாறிவிட்டது. "அங்கிள், மவுஸ் ஸ்லிப் ஆயிடுச்சா? திருப்பி எடுத்துக்கோங்க அங்கிள், எனக்கு ஒண்ணும் இல்ல."

"நோ டேக்பேக்" என்றார் பத்மநாபன். "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ராணி போனது. பின்னாலேயே யானை. முடிவில் கருப்பசாமி ஜெயித்தான், அவன் அந்த வருஷத்தில் ஜெயித்த ஒரே ஆட்டம். அவன் ஒன்றும் எழுதவில்லை. குழுவில் வேறு யாரோ எழுதினார்கள்: 'சீலிங் இல்லன்னா சீரோ.'

பத்மநாபன் ஜெயித்த தொனியில் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "இதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும் திருமூர்த்தி?" என்றார். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அட்மிட்டட் அப்படியே இருந்தது. மானஸா அன்று மாலையே கமிட்டியை விட்டு விலகினாள்.

மறுநாள் காரில், மேடு ஏறும்போது, அங்கிள் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு நகர்வாக, கண்ணை மூடிக்கொண்டு. ஒரு இடத்தில் நின்றார்.

"இங்க நான் ராணியை டி ஃபைவ்ல வெச்சேன். ராஜாவுக்கு செக். அது நல்ல மூவ்தானே தம்பி?"

"நீங்க சி ஃபைவ்ல வெச்சீங்க அங்கிள்."

"சி ஃபைவா?"

"ஆமா அங்கிள்."

"ஓ" என்றார்.

சாலை விரிந்து விரிகுடாப் பக்கம் இறங்கியது. புல்மேடுகள் அப்போதே பச்சை போய்ப் பொன்னிறமாகிக்கொண்டிருந்தன. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கண் கார்க் கூரையின் ஓரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு காரில் நாங்கள் ஆடவில்லை. நான் ஒருமுறை "குதிரை எஃப் த்ரீ" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். "அசதியா இருக்குப்பா" என்றார்.

கோவிலுக்கு வருவதை நிறுத்தினார். வட்டத்து ஆட்கள் யாராவது கடையில் எதிர்ப்பட்டால் அவர் கண்டுகொள்ளாமல் போகிறார், திமிரைப் பார் என்றார்கள். பக்கத்தில் போய்க் குரல் கொடுத்தால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். யாரும் குரல் கொடுக்கவில்லை. இலையுதிர்காலம் வந்தபோது, யாரும் அவரைப் போகச் சொல்லாமலே, தானாக வேலையை விட்டார். மெடிகேருக்கு இன்னும் காலம் இருந்தது. வீட்டை விற்றுவிட்டு மகள் பக்கம் கேட்டிக்குப் போனார்கள். விடைபெறும்போது என் தோளைத் தட்ட நீட்டிய கை காற்றில் கொஞ்சம் தேடிவிட்டுத்தான் தோளுக்கு வந்தது. நெகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டேன்.

குளிர்காலத்தில் ராஜலக்ஷ்மி ஆன்ட்டி போன் செய்தார்.

"நவநீத், உனக்கு நேரம் இருக்கும்போது அவரோட போன்ல ஆடுவியாப்பா? நீ வாயால சொல்லுவியே, கார்ல ஆடின மாதிரி. நாள் முழுக்கச் சும்மாவே உக்காந்திருக்காரு."

"ஆடறேன் ஆன்ட்டி. ஆனா வேற பேர்ல ஆன்லைன்லயே ஆடலாமே. அந்த வட்டம் என்ன, ஆயிரம் இடம் இருக்கு."

அந்தப் பக்கம் ஆன்ட்டி கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன்கிட்டகூடச் சொல்லலையா அவரு?" என்றார் ஆன்ட்டி. "ரெண்டு கண்ணுலயும் நடுப்பாகம் போயிடுச்சுப்பா. உன்கிட்ட சாவியைக் குடுத்தாரே, அதுக்கும் முன்னாடியிருந்தே. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்னு என் வாயையும் கட்டிட்டாரு. நேரா பாத்தா அவருக்கு நடுவுல ஒரே கறுப்பு. இடது பக்கமா, கொஞ்சம் மேல பாத்தாத்தான் கீழ இருக்கிற காய் தெரியும்."